அடக்கப் புத்தகத்தில் உங்கள் ஊர்

பிரதர்,

பீரோவைத் திறந்து, இறந்தவர்களைப் பதியும் அடக்கப் புத்தகத்தை வெளியே எடுத்தேன். பூச்சி உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நீங்கள் தும்முவீர்கள் என்று காத்திருந்தேன். பதினாறு வருஷப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகுமா? கோயிலின் இந்தப் பங்கு அலுவலகத்துக்குள் நீங்கள் வந்து இரண்டு தும்மல் போட்ட பிறகுதான் எனக்கு வணக்கமே சொல்வீர்கள். மூன்றாவதும் வந்துவிட்டால், "இன்னைக்கு நல்ல கையெழுத்துச் சாமியார் கிடைப்பாரு மேடம்" என்று ஜோசியம் வேறு.

இந்த முறை எழுத வேண்டியது உங்கள் பெயரை. பெயர், வயது, தகப்பனார் பெயர், இறந்த நாள் என்று நான்கு கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஐந்தாவது கட்டம் காலியாகக் கிடக்கிறது. ஊர். அடக்கத்துக்கு வந்திருந்த உங்கள் தம்பி, "எங்க ஊர் பேரையே போட்டுடுங்கம்மா. ரூம் வாடகைக்கு எடுத்து இருந்தாரு, அவ்ளோதான். அவரு இன்னா பெங்களூர்க்காரரா?" என்று சொல்லிவிட்டுத் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் என் பேனா நகரவில்லை. கம்ப்யூட்டரில் எழுதலாம் என்று பார்த்தால், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக அது விடமாட்டேன் என்கிறது. அதனால் அதிலும் நீங்கள் பாதியில் நிற்கிறீர்கள்.

நீங்கள் முதன்முதலில் இங்கே வந்தது தொண்ணூற்றொன்றில், மழைக்காலத்தில். பழைய லத்தீன் பதிவேடுகளைக் கரையான் அரிக்க ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதிவிட வேண்டும் என்று ஃபாதர் முடிவு செய்தார். எனக்கு டைப்பிங் தெரியும், லத்தீன் தெரியாது. "சாமியாருக்கு செமினரியில எட்டு வருஷம் படிச்சவரு ஒருத்தர் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் லிங்கராஜபுரத்துல இருக்காரு, ஃபாக்டரி ஸ்டோர்ல வேலை" என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நீங்கள் உள்ளே வந்து தும்மினீர்கள். உங்களுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தைந்து. செமினரியை விட்டு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் கோயில் இருக்கும் காக்ஸ் டவுன் முழுக்க உங்களைப் பிரதர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"நீங்க பிரதர்னா நான் சிஸ்டர்னு கூப்பிடணும் மேடம். அப்புறம் மடத்துல இருந்து உங்களைத் தேடிக்கினு வருவாங்க" என்றீர்கள்.

"வரட்டும். என் வாய்க்கு மூணாம் நாள் அவங்களே கொண்டாந்து விட்டுடுவாங்க" என்றேன். அன்றிலிருந்து நாம் சிநேகிதர்கள்.

நீங்கள் வாசிப்பீர்கள், நான் எழுதுவேன். எண்பது வருஷத்துக்கு முந்தைய சாமியார்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். பெற்றோர் இவ்வூரில் குடியிருப்பவர்கள். 'இன்கோலா' என்ற அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. பத்தாவது தடவை வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பிரதர் இது, கோலாவா, குடிக்கறதா?" என்று கேட்டேன். உங்களுக்கு அது போதும், ஆரம்பித்துவிட்டீர்கள்.

"'கோலோ'ன்னா மண்ணைக் கொத்தறது. பயிர் வைக்கறது, பேணறது, குடியிருக்கறதுக்கும் அதே வார்த்தைதான். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் வேற வேற வேலையா தெரியல. ஒரு எடத்தைப் பாத்துக்கறவன் எவனோ அவன்தான் அங்க குடியிருக்கறவன்."

காலனி என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தது என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த வரிசை வீடுகளைச் சொல்லும்போது நம் ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் காலனி என்பார்கள். "புது மண்ணைப் பயிராக்கப் போன குடியானவங்க இருந்த ஊர்தான் கொலோனியா. ரோம்ல அதைத் தலை நிமிந்து சொல்லுவாங்க மேடம். நாமதான் மூக்கைப் பொத்திக்கினு சொல்றோம்" என்றீர்கள். நான் மூக்கிலிருந்து கையை எடுத்தேன். நிஜமாகவே வைத்திருந்தேன், பூச்சி உருண்டைக்காக.

அப்புறம் தினம் ஒன்று. 'சிவிஸ்' என்றால் குடிமகன். ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் இருக்கும் வேருக்குப் படுத்துக் கிடப்பது, ஓரிடத்தில் தங்குவது என்றுதான் பொருள் என்று படித்தவர்கள் கருதுகிறார்களாம். முனிசிபாலிட்டிக்கு வேரான 'முனிசிப்பியும்' என்பது பொதுக் கடமையைக் கையில் எடுத்துக்கொண்டவர்களின் ஊராம். "குழாயடியில போய்ச் சொல்லிப் பாருங்க, குடத்தாலேயே அடிப்பாங்க" என்றேன். பங்குக்கு லத்தீனில் 'பரோக்கியா' என்றும், அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்றும், பக்கத்து வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அந்நியனின் குடியிருப்பு என்பதுதான் அதன் முதல் பொருள் என்றும் ஒருநாள் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சுக்காக அடித்துக்கொள்ளும் குடும்பங்களை நினைத்து நான் சிரித்த சிரிப்பில் ஃபாதர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

யாராவது உங்களிடம் "பிரதர், உங்க ஊரு எது?" என்று கேட்டால் மட்டும் ஒரே பதில். "நான் அத்வெனா." வந்தவன். வந்து சேர்ந்தவன். கேட்டவர் அதை ஏதோ ஆந்திரப் பக்கத்து ஊர் என்று நினைத்துக்கொண்டு போவார். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அந்த டிசம்பர் வந்தது. இரண்டு மாநிலங்களின் ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையில் ஊர் பற்றியெரிந்த டிசம்பர். பஸ்ஸில் தமிழ் பேசக் கூசிய நாட்கள் அவை. நாலு தலைமுறையாக இங்கே இருப்பவர்களிடமும் நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதைக் காலனியில் ஆறேழு வீடுகள் எரிந்தன. பூ கட்டி விற்கும் லூர்து மேரியின் வீடும் அதில் ஒன்று. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் இருந்ததால் எல்லாம் ஒன்றாகவே போயின.

ஏழெட்டு மாதம் கழித்து, அந்தக் காலனியில் நெடுங்காலமாக இருப்பவர்களுக்கு மட்டும் அதே இடத்தை எழுதிக் கொடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆதாரம் காட்டாதவர்கள் காலி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை லூர்து மேரி இங்கே வந்து நின்றார். "எங்கப்பாவுக்கு இந்தக் கோயில்லதாம்மா ஞானஸ்நானம். அந்தப் பேப்பர் குடுங்க. எனக்கு வேற இன்னா கீது?"

அன்று நீங்கள் வரவில்லை, ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுப்பு. நானே நம் ஆங்கிலப் பெயர்ப்பைப் புரட்டினேன். அவர் அப்பாவின் பதிவு இருந்தது. பெற்றோர் இவ்வூரில் குடியிருப்பவர்கள் என்றும் இருந்தது. டைப் அடித்து, ஃபாதரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன். லூர்து மேரி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை நீங்கள் வந்து, வழக்கப்படி பெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டீர்கள். ஒரு வரியில் உங்கள் விரல் நின்றது. பிறகு, "மேடம், இந்தக் கட்டத்தை எப்ப எழுதினீங்க?" என்றீர்கள்.

நான் செய்திருந்த வேலை உங்களுக்குத் தெரியாது. எல்லாப் பதிவிலும் இன்கோலா, இன்கோலா என்றே வந்ததால், நேரம் மிச்சமாகட்டும் என்று, நீங்கள் வாசிப்பதற்கு முன்பே அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை 'குடியிருப்பவர்' என்று நிரப்பி வைத்துவிடுவேன். பெயர்களை மட்டும் அப்புறம் எழுதுவேன். நாற்பது வரிக்கு நாற்பது வரி. லூர்து மேரியின் தாத்தா பெயருக்கு நேராகப் பழைய சாமியார் எழுதியிருந்தது இன்கோலா அல்ல. அத்வெனா.

"அவங்க தாத்தா அப்பத்தான் வந்திருக்காரு. நாம தப்பா குடுத்துட்டோம். திருப்பி வாங்கணும்" என்றீர்கள்.

எனக்குத் தலைக்கேறியது. "இந்த நேரத்துலயா? வந்தவங்கன்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? அந்த வார்த்தையை வெச்சுத்தானே வீட்டையே கொளுத்தினாங்க! யாரு பிரதர் உங்க லத்தீனைப் பாக்கப் போறாங்க?"

"நாளைக்கு ஒருத்தன் மூலத்தைக் கொண்டாங்கன்னா? அவங்க பேப்பர் மட்டும் இல்ல, நாம குடுத்த எல்லாப் பேப்பரும் பொய்யாயிடும்."

அப்போதுதான் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "எட்டு வருஷம் படிச்சும் சாமியாரா நிக்கல. சொந்த ஊர்லயும் நிக்கல. எங்கயும் நிக்காத ஆளுக்கு ஒருத்தி வீடு போறது எப்படிப் புரியும்?"

நீங்கள் பென்சிலை எடுத்துச் சீவினீர்கள். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. "நான் போய் வாங்கிக்கினு வரேன்" என்று மட்டும் சொன்னீர்கள்.

நானும் வந்தேன், பத்தடி பின்னால், கோபமாக. ரயில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகிறவரை நான் அதன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். லூர்து மேரி பாதி எரிந்த சுவரில் தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே பூ கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் குந்தி உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னீர்கள்.

"இன்னா பிரதர் இது, குடுத்துட்டுப் புடுங்கறீங்க? கோயிலுங்கூட இப்படிச் செய்யுமா?" என்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல பேப்பரா நானே கொண்டாந்து தரேன்."

"தரலன்னா?"

"தரலன்னா என் ரூமுக்கு வந்து இருங்க. நான் வெளிய போயிடறேன்."

லூர்து மேரி கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். பிறகு ஜாக்கெட்டுக்குள் நான்காக மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து உங்கள் கையில் வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுதேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நீங்கள் லீவு போட்டீர்கள். அந்தத் தாத்தா எத்தனை நாள் வந்தவராகவே இருந்தார் என்று தேடினீர்கள். அடுத்தடுத்த பிள்ளைகளின் ஞானஸ்நானம், அண்டை வீட்டுக் கல்யாணங்களின் சாட்சிகள், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தீர்கள். நான் டீ வைப்பேன். நீங்கள் தலை நிமிராமல் குடிப்பீர்கள். நாம் தேவைக்கு மட்டும் பேசினோம். வியாழக்கிழமை சாயங்காலம், அரித்துப்போன அடக்கப் புத்தகம் ஒன்றைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டீர்கள். "மேடம், இங்க வாங்க." லூர்து மேரியின் தாத்தாவுடைய அடக்கம். முதல் பதிவுக்குப் பதினெட்டு வருஷம் கழித்து. வேறு சாமியார், வேறு மை. பெயருக்கு நேராக இன்கோலா என்று இருந்தது.

புதுச் சான்றிதழில் இரண்டையும் போடச் சொன்னீர்கள். வந்த வருஷம், வந்தவர். இறந்த வருஷம், இவ்வூரில் குடியிருந்தவர். முதல் வரியை விட்டுவிடலாமே என்று கெஞ்சினேன். முடியாது என்றீர்கள். வெள்ளிக்கிழமை லூர்து மேரியோடு நான்தான் போனேன், பயந்துகொண்டே. அந்த அலுவலகத்தில் இருந்தவர் கன்னடக்காரர், வயதானவர். காகிதத்தை இரண்டு முறை படித்தார். "பந்த வருஷானூ பரெதித்தாரே. சுள்ளு ஹேளோரு இதன்ன பரெயல்ல" என்றார். வந்த வருஷத்தையும் எழுதியிருக்கிறார்கள், பொய் சொல்பவர்கள் இதை எழுத மாட்டார்கள் என்று. காகிதத்தை வாங்கி மற்ற விண்ணப்பங்களோடு வைத்துக்கொண்டார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன் வந்த பட்டியலில் லூர்து மேரியின் பெயர் இருந்தது.

"நான் சொன்னது சரியாப் போச்சா?" என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. திரும்ப வாங்கிய அந்தத் தப்பான சான்றிதழைக் கிழித்துப் போடாமல், பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தீர்கள். "அவசரம்தான். ஆனால் அக்கறையால் வந்த அவசரம்." நான் என் பங்குக்கு ஒரு மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம், பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு நாம் பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போது பழையதைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன். இப்படியே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியில்கூட வாய் வரைக்கும் வந்தது. நர்ஸ் உள்ளே வந்துவிட்டார்.

நேற்று லூர்து மேரி வந்தார். அறுபத்தைந்து வயதாகிறது, முழங்கால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் புத்தகங்களின் அருமை நம் பங்கில் அவரைவிட யாருக்குத் தெரியும்? "பிரதர் பேரை எழுதிட்டீங்களா? எந்த ஊருன்னு போட்டீங்க?" என்று நேராகக் கேட்டார்.

"இன்னும் போடல. அவர் தம்பி அவங்க ஊரைப் போடச் சொல்றாரு."

"அது எப்படிம்மா? எங்க சின்னப் பேரனுக்கு ஞானத்தகப்பன் அவருதானே. அவரு எங்க ஊரு ஆளு."

எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் ஆசைக்காக எழுதினால் நீங்கள் சும்மா விடுவீர்களா? "ஆதாரம் எங்க மேடம்?" என்பீர்கள். அதனால் லூர்து மேரி போனதும் தேட ஆரம்பித்தேன், நீங்கள் தேடின மாதிரியே, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து. அந்தப் பேரனின் ஞானஸ்நானம் நடந்த ஞாயிறு நான் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கோலார் போயிருந்தேன். நான் இல்லாததால் ஃபாதர் பதிவை உங்களையே எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், எல்லாம் உங்கள் சாய்ந்த கையெழுத்து. ஞானத்தந்தை என்ற இடத்தில் உங்கள் பெயர். அதற்கு நேராக, ஊர்: லிங்கராஜபுரம்.

ஒரு ஏழைப் பெண்ணின் வீட்டுக்காகக்கூட ஒரு வார்த்தையை மாற்றாத மனிதர், தன் ஊர் இது என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். அத்வெனா, அத்வெனா என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாமல் என்றோ குடியேறிவிட்டீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு நன்றாக அழுதேன். பிறகு இரண்டு தும்மல் வந்தது, எனக்கு.

இப்போது எழுதிவிட்டேன். உங்கள் தம்பி சொன்னதையும் விடவில்லை. பிறந்தது அந்த ஊர்; வந்தவர்; ஊர்: லிங்கராஜபுரம். கம்ப்யூட்டரும் பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. ஆதாரம் கேட்பீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் ஞானஸ்நானப் புத்தகத்தின் பக்க எண்ணையும் குறித்திருக்கிறேன்.

அந்தத் தப்பான சான்றிதழ் இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. மேஜையை மூன்று முறை மாற்றிவிட்டார்கள்; காகிதம் என்னோடு மாறி மாறி வருகிறது. தப்பாகக் கொடுத்துவிட்டால், கொடுத்த இடத்துக்கே நடந்துபோய்த் திரும்ப வாங்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் நீங்கள். எங்கேயும் நிற்காத ஆள் என்று அன்று உங்களுக்கு ஒரு வரி கொடுத்தேன், பிரதர். ரயில் கேட்டைத் தாண்டி உங்கள் அறை வரை இன்று நடந்துபோனேன். பூட்டியிருந்தது. அங்கேயே நின்று அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.